எடை மெஷினுக்கும் சந்தனப் பொட்டு

ஜூலை 18, வெள்ளி

எடை 82.

இதை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுத வேண்டுமாம். எழுதினால்தான் குறையும் என்று புது மேனேஜர் சொல்லியிருக்கிறார். எழுதியாயிற்று. அதற்குக் கீழே நான் வேறு என்ன எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் வேலை பார்க்கிற ஜவுளிக் கடையில் வருடா வருடம் கொடுக்கிற டைரி இது. இதுவரை அரிசி டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது.

இன்று ஆடி முதல் வெள்ளி. கடை திறப்பதற்கு முன் முதல் மாடிப் பெண்கள் பதினெட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தினார்கள். தள்ளுபடியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தோம். மேனேஜர் பிரகதீஷ் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, எடை மெஷினை எடுத்துப் பட்டுப் பிரிவு வாசலில் வைத்தார். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முப்பது வயது இருக்கும். தடவிப் பார்த்துப் பட்டு எது கலப்பு எது என்று சொல்லத் தெரியாது. பெண்களைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிலோ என்று மட்டும் சொல்லத் தெரிகிறது.

ஒவ்வொருத்தியாக ஏறினோம். எண்ணைப் படித்துச் சொல்லும் வேலை ஜெபக்கனிக்கு. இருபத்திரண்டு வயது, எனக்கு அடுத்த கவுண்டரில் நிற்கிற பெண். என் முறை வந்தபோது, "ஆவுடையம்மாக்கா, எண்பத்திரண்டு" என்று எனக்காக மெதுவாகத்தான் சொன்னாள். அவர் "சத்தமா" என்றார். அவள் மறுபடி சொன்னாள். வெள்ளைப் பலகையில் எழுதினார்கள்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜை வரை போட்டி. யார் அதிகம் குறைக்கிறாரோ அவருக்கு ஒரு பட்டுப் புடவை, மாடிப்படியில் பெரிய படம். எழுபது கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் ஆயுத பூஜைக்குப் பிறகு பட்டுப் பிரிவில் நிற்க முடியாது. கீழே உள்பாவாடைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஏனென்றால் பட்டுப் பிரிவில் நாங்கள் புடவையை விரித்து முந்தியை எங்கள் தோளில் போட்டுக் காட்டுவோம். அதற்கு அவர் சொன்ன விளக்கம்: "நீங்க போட்டுக் காட்டினா புடவை தெரியல மேடம், நீங்கதான் தெரியறீங்க."

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிரிக்காவிட்டால் அடுத்த முறை அவர்கள்தான்.

இருபத்தொரு வருடமாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். கொஞ்சம் பூசினாற்போல இருக்கிற பெண்கள் எல்லாரும் என் கவுண்டருக்குத்தான் வருவார்கள். எந்தக் கரை அகலம் யாருக்கு எடுப்பாக இருக்கும், எந்த உடலுக்கு விறைப்பான பட்டு, எதற்குக் குழைவான பட்டு என்பதையெல்லாம் என் தோளில் போட்டுப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சொல்வேன். நான் அந்த உடம்பில் இருப்பதால்தான் எனக்கு அது தெரியும். கீழே போகச் சொல்கிறார்.

ஜூலை 21, திங்கள்

எடை 82. (மெஷின் வெள்ளிக்கிழமைதான். பழைய எண்ணையே எழுதுகிறேன், போதும்.)

இரண்டு வாரமாக இருமல். ஆடிக் காற்றுத் தூசி என்று நினைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இவளை மட்டும் அசைக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் கேலி செய்வார். அவர் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவர். எண்பத்தாறு கிலோ. இதுவரை எந்தக் கடைக்காரரும் அவரை நிறுத்திக் கிலோ கேட்டதில்லை.

லீவு போட்டு டாக்டரிடம் போனேன். உட்காருவதற்குள் "முதல்ல எடையைக் குறைங்கம்மா" என்றார். எனக்கு இருமல் என்றேன். "எடை இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும், இருமல் வரத்தான் செய்யும்" என்றார். ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் நெஞ்சுக்கு அது வந்து சேரவே இல்லை. சிரப் எழுதிக் கொடுத்தார்.

போன வருடம் காது வலி என்று போனபோதும் இதையேதான் சொன்னார். காதில் எத்தனை கிலோ இருந்ததோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எடை 80.4.

பிரகதீஷ் கொடுத்த தாளின்படி காலையில் வெள்ளரிக்காய், மதியம் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி ஒரு ஆப்பிள். பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்து எத்தனையோ நாளாகிறது. எங்கள் கடையிலும் முக்காலிகள் வந்தன. குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். தொழிலாளர் ஆபீசர் சோதனைக்கு வருகிற அன்று மட்டும் மேலே வரும். அவர் போனதும் அவையும் போய்விடும்.

இன்று மாலை நாலு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சோற்றை நினைத்துக்கொண்டே நாற்பது புடவை மடித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நிறுத்திவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, இதில் மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலையில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து, தூக்குவாளியில் அடைத்துக் கொண்டுபோய், பின்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிட்டாலும் உளுந்தஞ்சோறு உளுந்தஞ்சோறுதான். எழுபதுக்கு வரவில்லையென்றால் கீழே அனுப்பட்டும், அதற்காக நான் பட்டினி கிடந்து சாக மாட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எடை 78.

அதிசயம். தினமும் வயிறாரச் சாப்பிடுகிறேன், எடை இறங்குகிறது. நெல்லையப்பர் என் பக்கம் இருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. பலகையில் எண்ணை எழுதும்போது பிரகதீஷ் எனக்குக் கை தட்டினார். மனதுக்குள் எள்ளுத் துவையலுக்குக் கை தட்டினேன்.

இருமல் நிற்கவில்லை. இரண்டாவது சிரப்பும் காலி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் தலையணை உறை தொப்பலாக நனைந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவர் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன ஆவுடை, ஆத்துல குளிச்சியா?" என்றார். வயது நாற்பத்தைந்து ஆகிறது, இந்த வயதில் பெண்களுக்கு வேர்க்கும் என்றேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காய்கிறது. கடை ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

எடை 73.8.

இவ்வளவு பாராட்டு நான் கல்யாணப் பெண்ணாக இருந்தபோதுகூட வாங்கியதில்லை. நாத்தனார் வீட்டுக்கு வந்தவள், "மதினி, பத்து வயசு குறைஞ்சுட்டு" என்று திருஷ்டி கழித்தாள். இரண்டு ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தாயிற்று. இருபத்தொரு வருடமாக என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத பில் கவுண்டர்காரர் "மெலிஞ்சுட்டீங்களே மேடம்" என்கிறார். போட்டி தொடங்கி ஏழு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் நான் என்னவாக இருந்தேன் இவர்களுக்கு? தூணா?

பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய். பிடித்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்கனி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்படிக் குறைத்தேன் என்று கேட்டாள். அவளுடைய எடை எழுபத்து மூன்று. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தினமும் தின்றுகொண்டிருக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போட்டியில் ஏமாற்றுகிறாள் என்பார்கள். காலையில் வெறும் வெந்நீர், மதியம் ஒரு வெள்ளரிக்காய், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

எடை 72.

மறுபடி டாக்டர். இருமினால் விலா வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லத்தான் போனேன். மெஷினில் ஏற்றினார். எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சபாஷ். இப்படியே போங்க" என்றார். இருமல் என்று ஆரம்பித்தேன். அதுவும் போயிடும் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

குண்டாக இருந்தபோது எடையால் இருமல். எடை இறங்கிய பிறகும் இருமல் இருந்தால் அது யாரால்? கேட்கத் தோன்றவில்லை. சபாஷ் என்றதும் வாய் அடைத்துப்போயிற்று. எழுதியதைப் படிக்கும்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

ஜெபக்கனி கவுண்டரிலேயே விழுந்துவிட்டாள். ஒரு அம்மாவுக்கு மாம்பழ நிறப் பட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், அதன் மேலேயே சரிந்தாள். தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்தோம். அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் விசாரித்தால் இரண்டு வாரமாக வெந்நீரும் வெள்ளரிக்காயும்தான். பிரகதீஷ் முதலில் அந்த மாம்பழப் பட்டைத்தான் எடுத்துப் பார்த்தார், கறை பட்டதா என்று.

கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "உங்கள மாரி என்னால முடியலக்கா" என்று அழுதாள்.

பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு தோசை வாங்கி ஊட்டிவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எடை 68.9. முதல் பரிசு.

கத்தரிக்கோல், இஞ்ச் டேப், முழக்கோல், பில் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். நடுவில் எடை மெஷின். அதற்கும் சந்தனப் பொட்டு, ஒரு முழம் மல்லிகைப்பூ. நமக்குச் சோறு போடுகிற கருவிகளுக்குத்தான் இன்றைக்குப் பூஜை. இது யாருக்குச் சோறு போட்டது? ஒரு பெண்ணின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியதைத் தவிர வேறென்ன செய்தது? தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், பழக்க தோஷம்.

மேடையில் பச்சைப் பட்டு கொடுத்தார்கள். கொடுக்கும்போது இருமல் வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பழைய படமும் புதிய படமும் சேர்த்துப் பெரிதாக அடித்து மாடிப்படியில் மாட்டப்போகிறார்களாம். "82 முதல் 69 வரை. உங்களாலும் முடியும்" என்று எழுதுவார்களாம்.

அக்டோபர் 9, வியாழன்

கைக்குட்டையில் சிவப்பு. பல் ஈறாக இருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

இல்லை.

கடையில் மாடிப்படி பாதியில், என்னுடைய பெரிய படத்துக்கு நேர் கீழே, உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. இவர் ஆட்டோ கொண்டுவந்து, அந்தச் சபாஷ் டாக்டரிடம் வேண்டாம் என்று நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தலையணையை ஒன்றரை மாதமாக வெயிலில் காயப்போட்டவர் அவர்தான். நான் எழுதாத நாளெல்லாம் அவருக்குத் தெரியும்.

அங்கே ஒரு நர்ஸ். வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இருமல் எத்தனை நாளாக என்றார். ஆடியிலிருந்து என்றேன்.

"ஐப்பசி பிறக்கப் போகுது. சாயங்காலம் காய்ச்சல் உண்டா?"

"லேசா."

"எடை குறைஞ்சிருக்கா?"

"பதிமூணு கிலோ. கடையில மொதப் பரிசு வாங்குனேன்."

பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பட்டினி கிடந்தியளா, இல்ல நல்லாச் சாப்பிட்டும் இளைச்சியளா?"

மூன்று மாதத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை கிலோ என்றார்கள், எப்படி என்றார்கள், ரகசியம் என்ன என்றார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அந்த மேஜையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். நல்லாச் சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

சளி எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

அக்டோபர் 15, புதன்

டி.பி.

காசநோய் என்றால் எலும்பும் தோலுமாக இருக்கிறவர்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குண்டாக இருக்கிறவளுக்கு வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. மெலிந்த பிறகு நோய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நடுவில் நான் கரைந்துகொண்டிருந்தேன். ஊரே கை தட்டிக்கொண்டிருந்தது.

என் உடம்பு என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்ததற்கு எனக்குப் பட்டுப் புடவை கொடுத்திருக்கிறார்கள்.

ஆறு மாதம் மாத்திரை. நர்ஸ் மெஷினில் ஏற்றினார், 66. சத்தமாகப் படிக்கவில்லை. மாத்திரை எத்தனை என்று கணக்குப் போடத்தான் என்றார். தாளில் குறித்துக்கொண்டு அப்பால் தள்ளி வைத்துவிட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

கூட நின்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர் கடைக்குப் போயிருக்கிறார். பிரகதீஷ் போன் செய்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "தீபாவளி நேரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே. கஸ்டமருக்குத் தெரிஞ்சா கடைப் பேர் என்னாகும்?" என்றார். படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அச்சடித்தாயிற்று, அதைப் பார்க்கிற கஸ்டமர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

பதினேழு பேருக்கும், வீட்டில் இவருக்கும் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை. ஜெபக்கனிக்கு ரத்தம் குறைவு என்று மட்டும் சொன்னார்களாம். அது என் நோயால் வந்ததல்ல. என் வாயால் வந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

நாத்தனார் அதிரசத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். பத்து வயது குறைந்தவளைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

சிறுநீர் ஆரஞ்சுப் பழச் சாறு நிறத்தில் போகிறது. மாத்திரையால் அப்படித்தான், பயப்படாதே என்று சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் நின்றுவிட்டது. தலையணை காய்ந்திருக்கிறது. இன்று இரண்டு முட்டை, சுண்டல், மதியம் சொதிக் குழம்பு. பசித்துச் சாப்பிட்டேன். பசி என்பது எவ்வளவு நல்ல சமாசாரம் என்று மறந்தே போயிருந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆற்றங்கரைக்கு நடந்து போய்வந்தேன். முதல் வாரம் தெருமுனை வரைதான் முடிந்தது. இன்று குறுக்குத்துறைப் படித்துறை வரை போய் உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்தேன். இருமல் வரவில்லை. இளைப்பதற்காக நடக்கவில்லை, மூச்சு விடுவதற்காக நடக்கிறேன். இரண்டும் ஒரே நடைதான். ஆனால் இதில் திரும்பி வரும்போது சந்தோஷமாக இருக்கிறது.

இவர் கூடவே வந்தார். வழியில், கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை, கன்னம் ஒட்டிக் கிடக்கிறது என்றேன். "எனக்கு நீ எண்பத்திரண்டாத்தான் பழக்கம்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது.

டிசம்பர் 18, வியாழன்

சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. மற்றவர்களுக்குப் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் இன்னும் நாலு மாதம்.

கடைக்குப் போனேன். பிரகதீஷ் என் சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். பிறகு மெஷினைக் காட்டினார். 67. பட்டுப் பிரிவிலேயே நிற்கலாம், படத்தில் இருப்பவரைக் கஸ்டமர்கள் கேட்கிறார்கள் என்றார். இரண்டு நிபந்தனை. எழுபதைத் தாண்டக் கூடாது. நோயைப் பற்றிக் கடைக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அன்றே கீழே.

சரி என்றேன். இருபத்தொரு வருடக் கவுண்டர். எனக்குப் பட்டு வேண்டும். விட மனசில்லை.

ஜனவரி 23, வெள்ளி

எடை 69.8.

உடம்பு தேறுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் "இன்னும் ஏறட்டும்" என்கிறார். கடையில் பிரகதீஷ், "இன்னும் இருநூறு கிராம்தான், பாத்துக்குங்க" என்கிறார். ஒரு முகூர்த்தப் பட்டே எண்ணூறு கிராம் இருக்கும். அதைத் தோளில் போட்டால் நான் கீழே போக வேண்டியதுதான்.

இன்று மதியம் தூக்கில் கொண்டுபோன சோற்றில் பாதியைக் கொட்டிவிட்டேன். மாத்திரை தின்கிற உடம்பு இது. எழுதும்போது கை கூசுகிறது.

ஜனவரி 26, திங்கள்

எடை எழுதவில்லை. இனி எழுதப்போவதுமில்லை.

குடியரசு தினம், கூட்டம். எட்டுப் பேராக ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் என் கவுண்டருக்கு வந்தார்கள். பெண்ணின் பெயர் இந்துஜா, மாசியில் கல்யாணம். அவளுடைய அம்மா உட்காரும்போதே என்னிடம், "இன்னைக்கு அஷ்டமி, பாத்து மட்டும் வைக்கோம்" என்றார். முகூர்த்தப் புடவைக்கு அஷ்டமியில் யாரும் பில் போடுவதில்லை. பார்த்து, எடுத்து வைத்துவிட்டு, நல்ல நாளில் வந்து பில் போடுவார்கள். இந்த ஊரில் அது வழக்கம்.

பெண் என்னைப்போல நல்ல பூசின உடம்பு, அழகான முகம். ஆனால் உதடு வெடித்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அரக்குப் பட்டை விரித்தேன். அவள் புடவையைப் பார்க்கவே இல்லை. மாடிப்படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேக்கப்பும் பச்சைப் பட்டுமாக எடுத்த அந்தப் படத்தில் என்னை எனக்கே அடையாளம் தெரியாது. பிறகு என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"யக்கா, அந்தப் படத்துல இருக்கவங்க இங்கதான் வேல பாக்காங்களா? எப்படிக் குறைச்சாங்கன்னு கேக்கணும். நானும் ஒரு மாசமா வெள்ளரிக்காதான் திங்கேன், தல சுத்துது, அஞ்சு கிலோவுக்கு மேல குறைய மாட்டேங்குது."

அவளுடைய அம்மா சேர்ந்துகொண்டார். தீபாவளிக்கு வந்தபோது அந்தப் படத்தைக் காட்டித்தான் மகளிடம் சொன்னாராம், இந்த வயதில் இவளால் முடியும்போது உன்னால் முடியாதா என்று.

பிரகதீஷ் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஜெபக்கனி மாம்பழப் பட்டின் மேல் சரிந்தது கண்ணுக்குள் வந்தது. அன்று வாயை மூடிக்கொண்டு தோசை ஊட்டினேன். இவளுக்கு யார் ஊட்டுவார்கள்?

"அது நான்தான்மா" என்றேன். "அது இளைச்ச படம் இல்ல. டி.பி. வந்த படம். நான் ஒண்ணும் குறைக்கல, நோவு என்னத் தின்னுச்சு. அதுக்குத்தான் இவுக பரிசு குடுத்து மாட்டி வச்சிருக்காக. நீ வீட்டுக்குப் போய் மொதல்ல சோறு தின்னு."

அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். இப்போது பரவாது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். புடவையை எடுத்து வைக்கச் சொல்லவில்லை.

பிரகதீஷ் வெளுத்துப்போயிருந்தார். எட்டுப் பேர் வந்த கல்யாணப் பார்ட்டியை நான் துரத்திவிட்டதாகச் சொன்னார். இன்று அஷ்டமி, பில் போட மாட்டார்கள் என்றேன். "சாக்குச் சொல்லாதீங்க" என்றார்.

நாளையிலிருந்து கீழே. ஜெபக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன், உளுந்தஞ்சோற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாம். கையை விட்டுவிட்டாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா" என்றாள். சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

உள்பாவாடைப் பிரிவு. ஜன்னல் இல்லை. எங்கள் கடையில் உள்பாவாடை பெரிய அளவே வைப்பதில்லை என்று இன்றுதான் தெரிந்தது. நாலு பெண்கள் கேட்டுவிட்டு, அவர்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். துணி கிடைக்கவில்லையென்றால் கடைக்குத்தானே வெட்கம்?

மதியம் முழுச் சோறும் சாப்பிட்டேன். மாடியை நினைத்து அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். சொன்னதற்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இடம் எனக்கு வேண்டும். இரண்டும் உண்மை.

ஜனவரி 28, புதன். தசமி

காலை பதினொரு மணிக்கு இந்துஜாவின் அம்மா வந்தார். எட்டுப் பேர் இல்லை, பன்னிரண்டு பேர். வளர்பிறை தசமி, ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான். நேரே மேலே போயிருக்கிறார்கள். அரக்குப் பட்டை வேறொருத்தி விரித்திருக்கிறாள். அந்த அம்மா அதைத் தொடவில்லையாம். "அன்னைக்கு ஒரு அம்மா எம் மகளுக்குப் புத்தி சொன்னாங்கள்லா, அவங்க எங்க? அவங்க தோள்ல போட்டுக் காட்டினாத்தான் எடுப்போம்" என்றாராம்.

ஆளை அனுப்பாமல் பிரகதீஷே கீழே வந்தார். உள்பாவாடை மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "கொஞ்சம் மேல வாங்க மேடம்" என்றார்.

"வாரேன். அந்த மெஷின் இருக்க இடத்துல ஒரு முக்காலி போடச் சொல்லுங்க. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். குடோன்லதான் கிடக்கு."

மெஷின் இருந்தால் என்ன, முக்காலி தனியாகப் போடுகிறேன் என்றார். அந்த இடம்தான் வேண்டும் என்றேன். மேலிருந்து பன்னிரண்டு பெண்களின் பேச்சுச் சத்தம் படி வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் குடோன் பக்கம் பார்த்து ஆளைக் கூப்பிட்டார்.

மாடிப்படியில் என் படம் இல்லை. நாலு ஆணிதான் இருந்தது. யார் இறக்கியது என்று பிரகதீஷ் கேட்டார். ஜெபக்கனி கத்தரிக்கோலை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசாதவள், மெஷின் இருந்த இடத்துக்கு வந்திருந்த முக்காலியை என் கவுண்டருக்கு இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். இருபத்தொரு வருடத்தில் அந்தக் கவுண்டரில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இந்துஜா எதிரே உட்கார்ந்து, காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன் என்று தானாகவே சொன்னாள். அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

மூச்சு சீரானதும் எழுந்தேன். அரக்குப் பட்டை உதறி, முந்தியை என் தோளில் போட்டு, எல்லாரும் பார்க்கத் திரும்பி நின்றேன்.

புடவையும் தெரிந்தது. நானும் தெரிந்தேன்.